துப்பாக்கி தூக்கிய வக்கீலுக்கு ராணி பட்டமா?

சித்தூர்வாசி (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவுடையது இல்லை):
மகள் கனடாவில், மாண்ட்ரியலில் படிக்கிறாள். மவுண்ட் ராயல் மலையடியில் ஒரு பெரிய சிலை, ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றி ஊரே கூடி மேளம் கொட்டுகிறது என்று வீடியோ அனுப்பினாள், நம் ஊர்க் கொங்கன்படைத் திருவிழாவே தோற்றது. சிலை ஜார்ஜ் எட்டியென் கார்ட்டியேவுடையதாம். தேடினால், 1837 கலகத்தில் அங்கே சாந் தெனி என்ற ஊரில் ஆங்கிலப் படையை எதிர்த்துச் சண்டை போட்ட வக்கீல், 1868இல் விக்டோரியா ராணியிடமிருந்து பரோனட் என்ற பரம்பரை ‘சர்’ பட்டம் வாங்கியிருக்கிறார். ஆள் விலைபோய்விட்டாரா?

கொழிஞ்சாம்பாறை குமாஸ்தா:
அண்ணா, அப்படிச் சொல்லிவிட முடியாது. கலகம் தோற்றதும் அமெரிக்காவின் வெர்மாண்டுக்கு ஓடிப்போய், 1838இல் திரும்பி மறுபடி கோட்டு மாட்டிக்கொண்டார். மாண்ட்ரியல் இருக்கிற பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கில் சொத்து, வாரிசு, கல்யாணம் எல்லாம் பழைய பிரெஞ்சுச் சட்டப்படிதான், ஆனால் அது ஒரு இடத்தில் ஒழுங்காக எழுதப்படாமல் கிடந்தது. அதைத் தொகுக்கும் வேலையை 1857இல் தொடங்கிவைத்தவர் இவர், 1866 ஆகஸ்டில் சிவில் கோடு அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் கனடா உருவானபோது, எல்லா அதிகாரமும் மத்தியிலேயே இருந்தால் நல்லது என்று நினைத்த முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டோடு கூட்டுச் சேர்ந்துகொண்டே, சொத்துச் சட்டம் மாகாணத்துக்கு, நாடாளுமன்றத்திலும் கியூபெக் கோர்ட்டிலும் பிரெஞ்சு பேசலாம் என்று சட்டத்திலேயே எழுத வைத்துவிட்டார். துப்பாக்கியால் கிடைக்காதது டிராஃப்டில் கிடைத்தது. குமாஸ்தாவாக எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மார்த்தாண்டத்துக்காரன்:
எங்கள் நேசமணியும் வக்கீல்தான், ஆனால் அவர் 1956இல் குமரியைத் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார், இவர் உள்ளேயே இருந்துகொண்டு எழுதி வாங்கியிருக்கிறார். சரி, ரொம்பவும் தூக்கிவைக்க வேண்டாம். மந்திரியாக இருந்தபடியே கிராண்ட் டிரங்க் ரயில்வேக்கு வக்கீல். 1872 தேர்தலுக்கு, பசிபிக் கடல்வரை ரயில் பாதை போடும் கான்ட்ராக்டை எதிர்பார்த்திருந்த ஹ்யூ ஆலனிடம் கடிதம் எழுதிப் பணம் கேட்டார், அப்படியும் மாண்ட்ரியலில் தோற்றார்! அப்புறம் மனிடோபா மாகாணத்தில் மெட்டி இனத் தலைவர் லூயி ரியல் விலகி நின்று ஒரு தொகுதியை விட்டுக்கொடுத்தார். ஆலன் பண விஷயம் முழுசாக வெடிப்பதற்குள் 1873 மே மாதம் லண்டனில் இறந்துபோனார். அதனால் நவம்பரில் பதவி விலகியது மெக்டொனால்டு.

சித்தூர்வாசி:
நன்றி தம்பிகளே. பணம் கேட்டுக் கடிதமே எழுதினாரா, வக்கீல் செய்கிற காரியமா அது! மொழி விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறாமை. தமிழில் மனு கொடுக்கலாம் என்று இங்கேயும் சட்டம் இருக்கிறது, போன மாதம் ஓர் ஆபீஸில் என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க என்றார்கள். பக்கத்துக் கடையில் முப்பது ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினேன்.