தாண்டிக்குடியில் தண்ணீர்ச் சக்கரம் ஓடிய வீடு

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பழைய காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. அப்பா வாங்கியபோது அது பல்ப்பர் கொட்டகை, அதாவது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷின் ஓடிய இடம். கருங்கல் சுவர், தகரக் கூரை, பக்கவாட்டில் ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம். நடுவில் சுவர் எழுப்பி அறைகளாக்கினோம். சமையலறைச் சுவரில் இருந்த வட்ட ஓட்டையை அடைத்துவிடலாம் என்றார் கொத்தனார். அம்மா சம்மதிக்கவில்லை.

போன தை மாதம், சிறுவயதில் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினார். "அச்சு வர்ற வழி தம்பி இது. வெளியில சக்கரம், உள்ள மிஷினு. பறிச்ச அன்னைக்கே தோலை உரிச்சாகணும். மறுநாள்னா பழம் புளிச்சு நாறிப்போகும்" என்றார்.

அப்புறம்தான் வீடு முழுக்கப் புரிந்தது. ஓடையை மேலேயே மறித்து, சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டி, சக்கரத்தின் தலையில் தண்ணீர் விழும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் ஓடையில் நீர் கொஞ்சம்தான், ஆனால் சரிவு அதிகம். அந்த மாதிரி இடத்துக்கு மேலிருந்து நீர் விழும் சக்கரம்தான் சரி. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள பெட்டிகளில் நிறையும் நீரின் கனமே அதைச் சுற்றிவிடும். இன்னொன்று என்னை அசர வைத்தது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அதை ஒட்டியே பழ எடுப்பு. ஓடை நிறைந்து ஓடும் நேரத்தில்தான் பல்ப்பருக்கும் வேலை. எண்ணெயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

சக்கரம் சுற்றிய நீரும் வீணாகவில்லை. தோல் நீங்கிய கொட்டையில் வழவழவென்று பிசின் ஒட்டியிருக்கும். தொட்டியில் ஒன்றரை நாள் வரை ஊறினால் அது கழன்றுவிடும். அதே தண்ணீரில் கழுவிக் களத்தில் காயப்போடுவார்கள். அந்தக் களம்தான் இப்போது எங்கள் முற்றம். ஊறல் தொட்டியில் மழைநீர் பிடிக்கிறோம். டீசல் இன்ஜின் வந்த பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது பெரியவர் குரல் தழுதழுத்தது, எனக்கும் தாங்கவில்லை.

வாய்க்காலைத் தூர் வாரி மலைவாழைக்குப் பாய்ச்சுகிறோம். பெரும்பாறை, பண்ணைக்காடு பக்கம் இப்படி ஒரு கொட்டகை உங்களிடம் இருந்தால், சிமென்ட் பூசும் முன்பு அங்கே வேலை செய்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். சக்கரப் பள்ளத்தை மட்டும் தயவுசெய்து மண் போட்டு மூடிவிடாதீர்கள்.