ஏரியா சபைல எங்க பசங்க வேலை விஷயத்தை பேச வைக்கறது எப்படி? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

பெரம்பூர்_கிரவுண்ட்

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு குடியிருப்புல இருக்கேன், வயசு 24. பகல்ல ஒரு குடோன்ல பில்லிங், சாயங்காலம் கிரவுண்ட்ல சின்ன பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தரேன். விஷயத்துக்கு வரேன்.

எங்க தெருவுல என் வயசு பசங்கள்ல பாதி பேருக்கு மேல நிலையான வேலை கிடையாது. சும்மா இருக்காங்கன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, ஒருத்தன் கூட சும்மா இல்ல. முகூர்த்த நாள்ல கேட்டரிங்ல பரிமாற போறான், மத்த நாள்ல பைக் டாக்ஸி ஓட்டறான், அதுவும் வண்டி அண்ணனோடது, அண்ணன் வேலைக்கு போற நாள்ல இவனுக்கு ஓட்டம் இல்ல, மழை வந்தா அதுவும் போச்சு. மாசம் பொறந்தா இவ்ளோ கைக்கு வரும்னு ஒண்ணு இல்லாததால லோன் கேட்டா கிடைக்கல, வாடகை வீடு அவன் பேர்ல தர யோசிக்கறாங்க, பொண்ணு பாக்க போன இடத்துல பையன் என்ன பண்றான்னு கேட்டா அம்மா பதில் சொல்ல முடியாம தலைய குனியறாங்க. அதை நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.

போன வருஷம் எங்க பக்கத்துல இலவச பயிற்சின்னு ஒண்ணு போட்டாங்க. பொண்ணுங்களுக்கு டெய்லரிங், பசங்களுக்கு டேட்டா என்ட்ரி. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்போம், மாதவரம் மணலி பக்கம் கண்டெய்னர் யார்டு இவ்ளோ இருக்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட கத்துக்குடுங்க, ஏசி மெக்கானிக் வேலை கத்துக்குடுங்கன்னு. ரெண்டு பொண்ணுங்க எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் கத்துக்கணும்னு என்கிட்டயே சொல்லிருக்காங்க. டெய்லரிங் முடிச்ச எதிர் வீட்டு அக்காகிட்ட தையல் மெஷினே இல்ல, சர்டிஃபிகேட்ட லேமினேட் பண்ணி பீரோல புடவைக்கு அடியில வச்சிருக்காங்க.

இதை ஏரியா சபைல, அதான் மாநகராட்சி வார்டுக்குள்ள அந்தந்த பகுதி மக்கள் கூடி பேசற கூட்டத்துல, பேசலாம்னு போனேன். காலைல 9 மணிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது, 10:30க்கு கூட்டம். குடோன்ல அரை நாள் சம்பளம் போனாலும் பரவால்லன்னு போனேன். வந்தவங்க எல்லாரும் ஐம்பது வயசுக்கு மேல. தெருவிளக்கு, கழிவுநீர், தண்ணி லாரி, எல்லாமே வேண்டிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. நான் எந்திரிச்சு பயிற்சி பத்தி ஆரம்பிச்சதுமே "தம்பி, அதெல்லாம் தனியா மனுவா குடுங்க, இங்க ஏரியா பிரச்சனை மட்டும்தான்"னு உக்கார வச்சுட்டாங்க. ஒரு தெருவுல பாதி பசங்களுக்கு வேலை இல்லன்னா அது அந்த ஏரியா பிரச்சனை இல்லாம வேற என்ன?

அடுத்த கூட்டம் வரதுக்குள்ள ஒழுங்கா தயாராகணும். எங்களுக்கு அங்க பேச உரிமை இருக்கா, பேசறத எழுத வைக்க வழி இருக்கா, அது நடக்கற வரைக்கும் பசங்க எங்க முயற்சி பண்ணலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_கமிட்டி_அக்கா

தம்பி, நான் தென்சென்னைல ஒரு வார்டு கமிட்டில இருக்கேன், அதனால உள்ள இருந்து பாத்தத சொல்றேன்.

முதல்ல உரிமை. சென்னைல 200 வார்டு, ஒவ்வொரு வார்டையும் பத்து ஏரியாவா பிரிச்சு வச்சிருக்கு, அந்த ஏரியா ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கற ஒவ்வொருத்தரும் ஏரியா சபை உறுப்பினர். யாரும் உங்கள கூப்பிட்டு சேத்துக்கணும்னு இல்ல, நீங்க ஏற்கனவே உறுப்பினர்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்னும் இருக்கு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு முதலமைச்சரே பம்மல்ல ஏரியா சபைல உக்காந்தார், ஞாபகம் இருக்கலாம். வயசான வோட்டர் மட்டும் பேசணும்னு எங்கயும் இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பசங்கள்ல எத்தன பேருக்கு அந்த ஏரியாலயே ஓட்டு இருக்கு? எங்க பக்கம் பாத்தா வீடு மாறி நாலு வருஷம் ஆகியும் பழைய தொகுதிலயே பேர் கிடக்கு, சில பேர் இன்னும் போடவே இல்ல. புதுசா சேக்க படிவம் 6, வீடு மாறினவங்களுக்கு படிவம் 8. 17 வயசு முடிஞ்சவங்க முன்கூட்டியே அப்ளை பண்ணலாம், 18 முடிஞ்சிடுச்சான்னு பாக்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ம் தேதின்னு நாலு தகுதி நாள் இருக்கு. முதல்ல இத முடிங்க. வாக்காளர்னு தெரிஞ்சா எதிர்ல உக்காந்திருக்கறவங்க குரலே மாறும், நான் கண்ணால பாத்தது.

அடுத்தது, வெறும் வாயால பேசாதீங்க. "எங்க பசங்களுக்கு வேலை இல்ல"ன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, அதோட முடிஞ்சிடும். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. வீடு வீடா போய் வயசு, என்ன படிச்சிருக்கான், இப்ப என்ன பண்றான், என்ன கத்துக்க ஆசை, இந்த நாலு மட்டும் எழுதுங்க. ஜாதி, வருமானம்னு எதையும் கேக்காதீங்க, கேட்டா கதவ சாத்திடுவாங்க. பொண்ணுங்ககிட்ட பேச பொண்ணுங்களயே அனுப்புங்க, அப்பா முன்னாடி வச்சு கேட்டா "டெய்லரிங்"னுதான் பதில் வரும்.

அத ஒரு பக்க மனுவா எழுதி மூணு காப்பி எடுங்க. கூட்டத்துக்கு முந்தின வாரமே கவுன்சிலர பாத்து ஒண்ணு குடுத்துட்டு கையெழுத்து வாங்குங்க. கூட்டத்துல திடீர்னு கேட்டா அவங்களும் தற்காப்புக்குத்தான் போவாங்க, முன்னாடியே தெரிஞ்சா எந்த துறைய கூப்பிடலாம்னு யோசிப்பாங்க. கூட்டம் முடியறதுக்குள்ள நடவடிக்கை குறிப்புல உங்க கோரிக்கை ஏறிடுச்சான்னு கேட்டு, படிச்சு காட்ட சொல்லுங்க. ஏறலன்னா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமை சட்டம்) அந்த குறிப்போட நகல கேளுங்க, முப்பது நாளுக்குள்ள பதில் தரணும். ஒரு தடவ கேட்டா போதும், அடுத்த கூட்டத்துல ஒழுங்கா எழுதுவாங்க.

ஐசிஎஃப்_பழைய_அப்ரண்டிஸ்

ப்ரோ, அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் உடனே என்ன பண்ணலாம்னு மட்டும் சொல்றேன்.

நீங்க பெரம்பூர், உங்க வாசல்லயே ஐசிஎஃப், அதான் ரயில் பெட்டி தொழிற்சாலை, இருக்கு. வருஷா வருஷம் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கறாங்க, 2025ல 1010 பேர்னு நோட்டிஃபிகேஷன் வந்தது. பத்தாவது மார்க்க வச்சு மெரிட், எழுத்து தேர்வு கிடையாது. ஐடிஐ இல்லாதவங்களும் ஃப்ரெஷரா போகலாம். ஸ்டைபெண்ட் ஆறாயிரம் ஏழாயிரம்தான், வீட்டுக்கு அது பத்தாதுன்னு எனக்கும் தெரியும், நானும் நைட்ல பக்கத்து ஹோட்டல்ல பார்சல் கட்டித்தான் ஓட்டினேன். ஆனா வெல்டிங் கையில ஏறிடுச்சு, அத வச்சு இப்ப ஒரு கம்பெனில நிரந்தரமா இருக்கேன். வயசு வரம்பு இருக்கு, பொதுப்பிரிவுக்கு ஐடிஐ முடிச்சிருந்தா 24, ஃப்ரெஷர்னா 22, அதனால சின்ன பசங்கள முதல்ல அனுப்புங்க.

டிப்ளமோ, டிகிரி முடிச்சவங்க தரமணில இருக்கற அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்துல பதியணும். 2019ல திருத்தின விதிப்படி டிகிரிக்கு குறைஞ்சது 9000, டிப்ளமோக்கு 8000. ஐசிஎஃப் மாதிரி இடத்துல அவங்க சொந்த வெப்சைட்லயே கட்டற சின்ன விண்ணப்ப கட்டணம் தவிர, அப்ரண்டிஸ் ஆக யாருக்கும் பணம் குடுக்க தேவையில்ல. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் டெபாசிட்னு எவனாவது ஜிபே பண்ண சொன்னா அது ஏமாத்து வேலை, என் தம்பியே 2500 ரூபா விட்டான், இன்னிக்கு வரைக்கும் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

வேலைவாய்ப்பு அலுவலக பதிவ மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், நிறைய பேர் விட்டுடறாங்க. பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருந்தா, குடும்ப வருமானம் வரம்புக்குள்ள இருந்தா, பிளஸ் டூக்கு மாசம் 400, டிகிரிக்கு 600 உதவித்தொகை இருக்கு. சின்ன தொகைதான். கவர்மென்ட் எக்ஸாம் படிக்கற பசங்க இருந்தா கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்கு அனுப்புங்க, 2024 நவம்பர்ல திறந்தது, படிக்கற இடத்துக்கு அஞ்சு ரூபாதான் வச்சாங்க, வீட்டுல டிவி சத்தத்துல படிக்கறதுக்கு அது எவ்ளோ மேல்.

ரிட்டையர்டு_1961

தம்பிக்கு நல்ல மனசு இருக்கு, தப்பா எடுத்துக்க வேண்டாம். ஆனா இந்த சபை, மனு எல்லாம் நேரம் விரயம்னு என் அபிப்பிராயம். முதல்ல ஒரு வேலைல நிலையா உக்காந்து அனுபவம் வரட்டும், அப்புறம் முடிவெடுக்கற இடத்துக்கு வரலாம். நாங்க அப்படித்தான் வந்தோம்.

வார்டு_கமிட்டி_அக்கா

ஐயா, உங்க காலத்துல பரீட்சை பாஸ் பண்ணா வேலைன்னு ஒரு வரிசை இருந்துச்சு, இப்ப அந்த வரிசையே இல்லயே. 2015 வெள்ளத்துல படகு தள்ளினது, சாப்பாட்டு பொட்டலம் கட்டினது எல்லாம் இந்த வயசு பசங்கதான். அப்ப யாரும் அனுபவம் இருக்கான்னு கேக்கல. வெள்ளம் வடிஞ்சு எங்க கால்வாய் வெட்டணும்னு பேசறப்ப மட்டும் அவங்களுக்கு சேர் இல்ல. எந்த சந்துல முதல்ல தண்ணி ஏறும்னு அவங்களுக்குத்தான் தெரியும். 21 வயசுல கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு சட்டமே சொல்லுது, 2022ல சென்னை மேயரானப்போ பிரியாவுக்கு முப்பது வயசு கூட ஆகல.

சிவப்பு_பேக்_ரைடர்

நான் டெலிவரி ஓட்டறேன், ஆறு வருஷம் ஆகுது. கேட்டா நடக்குமான்னு கேக்கறவங்களுக்காக இத எழுதறேன்.

வெயில் காலத்துல ஆர்டருக்கு காத்திருக்கறப்ப நாங்க எங்க நிப்போம் தெரியுமா, ஏடிஎம் வாசல், மரத்தடி, மெட்ரோ தூணுக்கு கீழ. ஹோட்டல்காரர் உள்ள விடமாட்டார், பாத்ரூம் கேட்டா பெட்ரோல் பங்க் போன்னுவாங்க. பொண்ணு ரைடருங்க தண்ணி குடிக்காமயே ஓட்டுவாங்க, தண்ணி குடிச்சா பாத்ரூமுக்கு எங்க போறதுன்னு. இத சங்கத்துல சொல்லி, மீட்டிங்ல சொல்லி, ரோட்டுல உக்காந்து சொல்லி, வருஷக்கணக்கா சொல்லித்தான் 2023 டிசம்பர்ல எங்களுக்குன்னு தனி நல வாரியம் வந்துச்சு, 2025ல அண்ணா நகர்ல ஏசி போட்ட ஓய்வறை திறந்தாங்க. முதல் நாள் உள்ள போய் ஹெல்மெட்ட கழட்டி வச்சுட்டு பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காந்திருந்தேன், அவ்ளோதான், ஆனா அத எழுதறப்ப இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது.

இன்னும் நிறைய பாக்கி இருக்கு, ஆக்சிடென்ட் ஆனா யாரு பொறுப்பு, ஐடி ஏன் திடீர்னு பிளாக் ஆகுதுன்னு. ஆனா ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சு யாரும் எங்களுக்கு பாத்ரூம் வேணும்னு கண்டுபிடிக்கல ஐயா, நாங்க போய் சொன்னோம். தம்பி, உங்க நோட்டுல பைக் டாக்ஸி, டெலிவரி பசங்களுக்கு தனியா ஒரு பக்கம் போடுங்க, நல வாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னும் கேளுங்க.

கண்ணகி_நகர்_பொண்ணு

நான் சொல்றது கொஞ்சம் வேற. நாங்க கண்ணகி நகர், சென்னைல குடிசைங்கள காலி பண்ணினவங்கள கொண்டு வந்து குடியமர்த்தின இடம். வீட்டு வாசல்ல இருந்து பாத்தா ஓஎம்ஆர் கண்ணாடி பில்டிங் தெரியும், ஆனா அட்ரஸ்ல ஊர் பேர் பாத்ததும் ரெசுமேவ ஓரமா வச்சுடுவாங்க. எனக்கே ஒரு கம்பெனில இன்டர்வியூ எல்லாம் நல்லா போய் கடைசில "எங்க தங்கிருக்கீங்க"ன்னு கேட்டாங்க, சொன்னேன், அதுக்கப்புறம் போனே வரல. என் ஃப்ரெண்ட்ஸ் துரைப்பாக்கம்னு போட்டு அனுப்புவாங்க. நான் இனிமே மாத்தி போடறதில்ல.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்திய பொண்ணுங்க கபடி டீம் தங்கம் அடிச்சப்ப எங்க கார்த்திகா அதுல இருந்தா. அன்னிக்கு எங்க ஊர் பேர எல்லா டிவிலயும் மரியாதையா சொன்னாங்க, அழுதுட்டேன். அவளுக்கு முதலமைச்சர் 25 லட்சம் குடுத்தார், ரொம்ப சந்தோஷம். ஆனா வேலை கேக்கற ஒவ்வொரு பொண்ணும் தங்கம் அடிச்சுட்டு வந்துதான் ஊர் பேர சொல்ல முடியுமா.

அதனால அண்ணா, உங்க மனுல "பயிற்சி குடுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. பயிற்சி எல்லாரும் குடுக்கறாங்க. அது முடிஞ்சதும் பக்கத்துல இருக்கற கம்பெனி, யார்டு ஆளுங்கள கூட்டத்துக்கு கூப்பிட்டு எங்கள நேர்ல பாக்க வைங்கன்னு எழுதுங்க. முகத்த பாத்து பேசிட்டா அட்ரஸ் அவ்ளோ பெருசா தெரியாது.

பெரம்பூர்_கிரவுண்ட்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நோட்டு போட்டோம். நாலு பேர், ரெண்டு பசங்க ரெண்டு பொண்ணுங்க, மூணு தெரு முடிஞ்சுது. அக்கா சொன்ன மாதிரியே ஆச்சு, அப்பா இருக்கறப்ப "எதுவும் வேணாம்"னு சொன்ன பொண்ணு மறுநாள் தண்ணி பிடிக்கற இடத்துல வந்து ஏசி மெக்கானிக்னு எழுதிக்கோன்னு சொல்லிட்டு போச்சு. டேட்டா என்ட்ரி கேட்டவங்க ரெண்டே பேரு. ஃபோர்க்லிஃப்ட் 17.

நேத்து காலைல கவுன்சிலர பாத்தோம். முதல்ல போன்லயே இருந்தாங்க. மனுவ வாங்கி படிச்சவங்க ஃபோர்க்லிஃப்ட் வரில விரல வச்சு "நிஜமாவே 17 பேரா?"ன்னு நிமிந்து கேட்டாங்க. நோட்ட திறந்து பேரயெல்லாம் காட்டினேன். ஒவ்வொண்ணா படிச்சாங்க, ரெண்டு பேர அவங்களுக்கே தெரியும், "இவன் இன்னும் வேலைக்கு போகலயா"ன்னாங்க. காப்பில கையெழுத்து போட்டு, கூட்டத்துக்கு திறன் மேம்பாட்டுக் கழகத்துல இருந்து ஆள் வர சொல்லி கேக்கறேன்னு சொல்லிருக்காங்க. கம்பெனி ஆளுங்கள கூப்பிடற விஷயத்துக்கு இன்னும் பதில் இல்ல, கூட்டத்துல மறுபடி கேப்போம்.

ஓட்டர் லிஸ்ட்தான் பெரிய வேலையா இருக்கு, நோட்டுல இருக்கறவங்கள்ல 11 பேருக்கு இங்க ஓட்டு இல்ல. வர ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு கிரவுண்ட் கேட் பக்கத்துல டேபிள் போட்டு படிவம் 6ம் 8ம் நிரப்பறோம். பெரம்பூர் பக்கம் யாராவது இருந்து ஒரு ரெண்டு மணி நேரம் உக்கார முடியும்னா வாங்க, ஆன்லைன்ல ஏத்த லேப்டாப் ஒண்ணு கொண்டு வந்தா இன்னும் உதவியா இருக்கும்.