புதுப்பிப்பு: புண் ஆறியும் அப்பாவுக்குச் சோறு நெஞ்சில் நிற்பது ஏன்

எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் ஆறிவிட்டது, நெஞ்செரிச்சலும் குறைவு. ஆனால் சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறார் அப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் மேனோமெட்ரி (உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுத்தாச்சு.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, படுக்கவைத்து, 5 மில்லி தண்ணீரைத் திரும்பத் திரும்ப விழுங்கச் சொல்கிறார்கள். தசையின் அழுத்தம் திரையில் வண்ணப்பட்டையாக ஓடுகிறது. அப்பாவுக்குப் பல தடவை அந்தப் பட்டை நடுவிலேயே அறுந்துபோனது. அதாவது, உணவைக் கீழே தள்ளும் தசை அலை பாதியிலேயே நின்றுவிடுகிறது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

மேலே ஏறிய அமிலத்தைத் திரும்ப வயிற்றுக்குத் தள்ளுவது இந்தத் தசை அலைதான். அது தளர்ந்தால் அமிலம் அதிக நேரம் தங்கும். அந்த அழற்சி தசையை இன்னும் கெடுக்கலாம். எது முதலில் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பான்டோப்ரசோல் மாத்திரை அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும், சரி. தளர்ந்த தசை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் ஆபரேஷன் பற்றிக் கேட்ட அண்ணாச்சிக்கு: வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைப்பார்கள். அலை பலவீனமானவர்களுக்கு முழுச் சுற்றைவிட 270 டிகிரி சுற்றைப் பலர் விரும்புகிறார்கள். இறுக்கினால் விழுங்குவது மேலும் சிரமம். அக்கலேசியா (உணவுக்குழாயின் அடிவாய் சரியாகத் திறக்காத நோய்) என்றால் சிகிச்சையே வேறு. அதனால்தான் கத்தி வைக்கும் முன் மேனோமெட்ரி.

எங்களுக்கு இப்போது அவசரமில்லை. காலை உணவுக்கு அரை மணி முன் மாத்திரை, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல், இரவு சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. தேங்காய்ப்பால் சொதிக்குத்தான் சண்டை. “மத்தியானம் ஊத்துதேன், ராத்திரி இட்லிதான்” என்று அம்மா முடித்துவிட்டார்.