அனியூரிசம் அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தப் பரிசோதனை எண்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு மூளையில் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவரில் பலூன்போல் புடைத்த இடம்) வெடித்து, அன்றே அறுவை சிகிச்சை செய்து கிளிப் போட்டார்கள். இன்று ஆறாவது நாள். கையைப் பிடித்தால் இரண்டு விரல்களால் மெல்ல அழுத்துகிறார். கண் இன்னும் திறக்கவில்லை.

தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் வகையின் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் வகையின் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதம் மிக அதிகமாக இருந்தால் மீள்வது கடினமாகலாம் என்றார் மருத்துவர். ரத்தக்கசிவால் உடலில் எழும் அழற்சியை அது காட்டுகிறதாம். முந்தாநாள் 11, நேற்று 8. அந்த இறக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரவைக் கழித்தேன். ஆனால் நுரையீரல் தொற்று வந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும் இதே எண் ஏறும் என்பதும் தெரியும்.

வெடித்த 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும் அபாயம் அதிகம். அதனால் 21 நாள் நிமோடிபின் என்ற மருந்து கொடுக்கிறார்கள்.

இந்தப் பாதையைக் கடந்த குடும்பங்களும், நரம்பியல் பிரிவில் பணிபுரிபவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்: ஒருநாள் எண்ணைவிட அது நகரும் திசைதான் முக்கியமா? சோடியம், சர்க்கரை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா? நாளை காலை மருத்துவரிடம் பேச ஐந்து நிமிடம் கிடைக்கும். முதலில் எதைக் கேட்பது?