கொரியாவில் பேராசிரியரோடும் குழுவோடும் சாப்பிடப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

மதுரைப்பொண்ணு:
வணக்கம். அடுத்த மாதம் தேஜான் நகரில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலையில் சேருகிறேன். வந்த முதல் வாரமே எல்லாரும் சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போவோம் என்று பேராசிரியர் இப்போதே எழுதிவிட்டார். நான் முட்டை சாப்பிடுவேன். கறி, மீன், மது எதுவும் கிடையாது. ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிடலாமா? போனால் மரியாதைக் குறைவாக எதுவும் நடந்துவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவோன் அண்ணன்:
கட்டாயம் போங்கம்மா. அங்கே ஒரு குழுவில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள் என்பது அந்த மேசையில்தான் முடிவாகும். நான் ஆண்டுக்கணக்கில் அங்கே சுவோன் நகரில் வேலை பார்த்தவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

வயதில் மூத்தவர் கரண்டி எடுக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். சோறும் சூப்பும் கரண்டியால், தொட்டுக்கொள்வதெல்லாம் குச்சியால். ஜப்பான்காரர்கள் மாதிரி சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்க வேண்டாம், அது மேசையிலேயே இருக்கட்டும். கரண்டியையோ குச்சியையோ சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்கள்.

நமக்குப் பெரிய தடை எச்சில்தான். தேன்ஜாங் ஜிகே என்று புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் குழம்பு ஒன்று, கருப்பு மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க நடுவில் வந்து இறங்கும். பழைய வழக்கப்படி எல்லாருடைய கரண்டியும் அதே சட்டிக்குள் போகும். தண்ணீர் பாட்டிலைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்த எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சட்டியில் கடைசியாகக் கிடந்த தோஃபு (சோயாப் பன்னீர்) துண்டை எனக்காக ஒதுக்கி, என் பக்கம் தள்ளி வைத்தார் எங்கள் டீம் லீடர். அந்த அன்பை நான் மதிக்கிறேன். எச்சில் ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. "அப்ஜொப்சி" என்று கேளுங்கள், சின்னத் தட்டு தருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு கடைக்காரர்களே தனிக் கரண்டியும் கிண்ணமும் வைப்பது அதிகமாகிவிட்டது.

பான்சான் எனும் சின்னச் சின்னத் தொடுகறிகள், நம்ம ஊர் அளவுச் சாப்பாடு இல்லாத மெஸ் மாதிரி, கேட்கக் கேட்க வரும். அதற்குத் தனிக் காசு கிடையாது. டிப்ஸும் கிடையாது. பெரும்பாலும் மூத்தவர்தான் பணம் கொடுப்பார், நீங்கள் பர்ஸைத் திறந்து மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுங்கள், அதுதான் அழகு.

சைவப்பட்சி:
அண்ணன் சொன்னது சரி. சைவத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீனும் நெத்திலி வேகவைத்த சாறும் வந்துவிடும். கிம்ச்சி என்னும் புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயிலேயே பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். சோற்றின் மேல் காய்கறிகள் வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப்பில் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டு முட்டையோடு கேளுங்கள். மேலே ஊற்றும் மிளகாய் விழுதில் கொத்துக்கறி கலந்திருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். சியோலில் சோக்யேசா கோயில் பக்கம் பௌத்த மடங்களின் சமையல் கிடைக்கும். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. தேஜானிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். நீங்கள் போகும் தேஜானிலேயே 1956-இல் தொடங்கிய சொங்சிம்டாங் பேக்கரி இருக்கிறது, வரிசையில் நின்றாவது அந்தச் சிவப்புப் பயறு வைத்துப் பொரித்த பன்னைச் சாப்பிட்டுவிடுங்கள்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி. மதுவை எப்படி மறுப்பது? மூத்தவர் ஊற்றினால் மறுக்கக் கூடாது என்கிறார்களே?

சுவோன் அண்ணன்:
இப்போது அவ்வளவு வற்புறுத்துவதில்லை, இளையவர்கள் நிறையப் பேர் குடிப்பதே இல்லை. சைடர் கேளுங்கள். அங்கே சைடர் என்றால் மது இல்லை, எலுமிச்சை வாசனையுள்ள சோடா. அதையே சின்னக் கிளாஸில் வாங்கி எல்லாரோடும் உயர்த்துங்கள். பேராசிரியர் ஊற்றும்போது கிளாஸை இரண்டு கையாலும் பிடியுங்கள். அவர் கிளாஸ் காலியானால் நீங்களும் இரண்டு கையால் ஊற்றுங்கள், தனக்குத்தானே ஊற்றிக்கொள்ள விடுவதில்லை.

முக்கியமாக, இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். கடையை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுவார்கள். கரி அடுப்பில் பன்றிக்கறி சுடும் கடையாக இருந்தால் உங்களுக்கு வெறும் கீரை இலைதான் மிஞ்சும், அதைப் பார்த்து அவர்களுக்கும் சங்கடம். என்ன சாப்பிடுவேன், எதைத் தொட மாட்டேன் என்று இன்றைக்கே பேராசிரியருக்கு நாலு வரி எழுதிவிடுங்கள்.