தலைக்கு மேல் சண்டை நடக்கும்போது கீழே இருப்பவர்கள் எப்படி ஆபீஸ் போகிறார்கள்?

கறுப்புமை:
மார்வெலின் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு விஷயம் உறுத்துகிறது. 1966-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற ஹீரோக் குழுவின் தொடரில் 48 முதல் 50 வரையிலான இதழ்களில் கேலக்டஸ் வருகிறான். கிரகங்களைத் தின்கிறவன், நியூயார்க் நடுவே அந்தக் குழு இருக்கிற பாக்ஸ்டர் கட்டடத்தின் உச்சியில் மெஷினைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். அப்புறம் கொஞ்ச நாளில் ஊர் பழையபடி வாடகை, டாக்ஸி, ஆபீஸ் என்று ஓடுகிறது. பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டாமா? இது எழுதியவர்களின் சோம்பேறித்தனமா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா?

பெட்டிக்கடை:
பெரிதாக ஒன்றும் இல்லை நண்பரே, மாத இதழ் வியாபாரம். அடுத்த மாதம் புதிதாக வாங்குகிறவனுக்கும் கதை புரிய வேண்டும், அதற்கு ஊர் பழைய நிலைக்குத் திரும்பியே ஆக வேண்டும். அதிலும் எழுதிய ஸ்டான் லீயும் வரைந்த ஜாக் கிர்பியும் கதையை நிஜ நியூயார்க்கில் வைத்துவிட்டார்கள். வாசகன் ஜன்னல் வழியே பார்க்கிற தெருவும் கதையில் வருகிற தெருவும் ஒன்றாக இருந்தால்தான் அதில் சுவை.

மூன்றாம்மாடி:
வியாபாரம் என்பது சரிதான், ஆனால் பின்னால் வந்தவர்கள் இந்த ஓட்டையையே கதையாக்கிவிட்டார்களே. கர்ட் பியூசிக் எழுதி அலெக்ஸ் ராஸ் வரைந்த 'மார்வெல்ஸ்' (1994) பாருங்கள். அதில் இதே கேலக்டஸ் சம்பவத்தை ஒரு சாதாரண பத்திரிகைப் புகைப்படக்காரர் தெருவில் நின்று பார்க்கிறார். ஆபத்து விலகியதும் அதெல்லாம் வெறும் ஏமாற்று வேலை என்ற பேச்சு கிளம்புகிறது, அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எனக்கு இது ரொம்ப நம்பும்படி இருந்தது. உலகம் நேற்றே முடிந்திருக்கும் என்று ஒத்துக்கொண்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்?

காமெடி வேண்டுமென்றால் 'டேமேஜ் கன்ட்ரோல்', டுவெய்ன் மெக்டஃபியும் எர்னி கோலோனும் செய்தது, 1989-இல் தனித்தொடராக வந்தது. சூப்பர் ஹீரோக்கள் இடித்துப் போட்டதை அள்ளிக் கட்டுகிற கம்பெனி. பில் பாக்கியை வசூலிக்கப் பெரிய வில்லனான டாக்டர் டூமிடமே ஆள் போகிறது! எல்லாக் காமிக்ஸ் உலகத்திலும் கடைசியில் கணக்குப்பிள்ளைதான் தைரியசாலி.

நிழல்மேடு:
யாரும் ஆஸ்ட்ரோ சிட்டி காமிக்ஸைச் சொல்லவில்லையா? அதுவும் பியூசிக்தான், 1995-இல் தொடங்கியது, வரைந்தவர் பிரென்ட் ஆண்டர்சன். முதல் தொடரின் 4-ஆம் இதழைத் தேடிப் படியுங்கள். மார்த்தா என்ற பெண் ஷேடோ ஹில் என்கிற பழைய பேட்டையில் பெற்றோருடன் இருக்கிறாள். இருட்டினால் பேய் பிசாசு நடமாடும் இடம். அங்கே இருப்பவர்கள் வாசலில் காப்பு கட்டுவார்கள், நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அவ்வளவுதான், பிழைப்பு நடக்கிறது. மார்த்தாவுக்கு அதெல்லாம் பட்டிக்காட்டுத்தனமாகப் படுகிறது, ஊருக்குள் வேலை, அங்கேயே குடிபோய்விடலாமா என்று யோசனை. அப்போதுதான் அவள் வேலை பார்க்கிற இடத்தில் சூப்பர் வில்லன் தாக்குதலில் மாட்டிக்கொள்கிறாள். பேய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இதற்கு எந்தக் காப்பைக் கட்டுவது? பேட்டைக்கே திரும்பிவிடுகிறாள்.

பயம் எங்கேயும் போய்விடுவதில்லை, பழகின பயத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, அதை வைத்து நாளை ஓட்டுகிறார்கள். கறுப்புமை கேட்டதற்கு என் பதில் இதுதான்.

பெட்டிக்கடை:
சரி, 4-ஆம் இதழுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1966-இல் கிர்பி இதையெல்லாம் யோசித்து வரைந்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாம்மாடி:
அதற்கும் முன்னாலேயே 1963-இல் தபால்காரர் வில்லி லம்ப்கின் வந்துவிட்டார் பாஸ். ஃபென்டாஸ்டிக் ஃபோரில் நெருப்பாக எரிகிறவன் வீட்டுக்குக் கடிதம் கொடுக்கப் போகிறவர், எனக்குக் காதை ஆட்டத் தெரியும், என்னையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். கிர்பி வரைந்ததுதான்.

கறுப்புமை:
காதை ஆட்டுகிறவரை இனி விடமாட்டேன். ஆஸ்ட்ரோ சிட்டிக்கு முன்கதை தெரிந்திருக்க வேண்டுமா?

நிழல்மேடு:
வேண்டாம், அந்த இதழ் தனிக்கதை. முடித்துவிட்டு 'காத்தம் சென்ட்ரல்' (2003) எடுங்கள், அது பேட்மேன் ஊர் போலீஸ் ஸ்டேஷன் கதை. பேட்மேன் இருப்பதைப் போலீஸ் அதிகாரபூர்வமாக ஒத்துக்கொள்ளக் கூடாது, அதனால் அவரைக் கூப்பிட மாடியில் இருக்கிற சிக்னல் விளக்கின் சுவிட்சைப் போடுவது ஆபீஸில் தற்காலிக வேலை பார்க்கிற பெண்.