‘மேனேஜ்டு கேர்’: பராமரிப்பு என்ற சொல் வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் புழங்கும் ‘மேனேஜ்டு கேர்’ (managed care) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் வந்த ‘நிர்வகிக்கப்பட்ட பராமரிப்பு’, ‘மேலாண் பராமரிப்பு’ இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. படித்தவுடன் வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றுதான் தோன்றும்.

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. டெக்சாஸில் வார்டு நர்ஸ். இரவுப் பணியில் முதுகு போய்விட்டது என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மேசை வேலைக்கு விண்ணப்பித்தாள். ‘இரண்டாண்டு மேனேஜ்டு கேர் அனுபவம்’ கேட்டிருந்தார்கள். தினம் ஐந்து பேரை மேனேஜ் செய்கிறோமே, அதுதானே என்று போய் உட்கார்ந்துவிட்டாள். முதல் கேள்வியே, “இன்டர்குவாலா, எம்சிஜியா, எது பழக்கம்?” ஏதோ மானிட்டர் கருவி என்று நினைத்தாளாம்.

இரண்டும் அளவுகோல் தொகுப்புகள். எந்த நிலையில் இருப்பவரை மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவை. நிமோனியாவில் சேர்ந்தவருக்கு மூன்றாம் நாள் ஆக்சிஜன் எடுத்தாயிற்று, ஊசி போய் மாத்திரை வந்தாயிற்று. இன்னும் ஏன் படுக்கையில்? மருத்துவமனை அனுப்பிய குறிப்புகளைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கும் நர்ஸ் இதைக் கேட்பார். அளவுகோலுக்குள் வந்தால் அவரே ஒப்புதல் தருவார். வராவிட்டால் அங்குள்ள மருத்துவரிடம் தள்ளிவிடுவார். மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் முடிவு பொதுவாக மருத்துவருடையது.

ஆக, பணம் கட்டுபவரே எந்த மருத்துவர், எந்தச் சோதனை, எத்தனை நாள் என்பதிலும் கைவைக்கும் ஏற்பாடு இது. எச்எம்ஓ என்பது முன்கூட்டியே சந்தா வாங்கிக்கொண்டு தன் மருத்துவர்கள் வழியே சிகிச்சை தரும் அமைப்பு; அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு எச்எம்ஓ சட்டம் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய வழி திறந்தது. பெயரில் அந்தக் கை தெரிய வேண்டாமா? என் பரிந்துரை: காப்பீட்டாளுகை மருத்துவம். கூடவே, சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வாங்கும் பிரையர் ஆத்தரைசேஷனுக்கு முன்னொப்புதல். மேலே சொன்ன நர்ஸ் செய்யும் யூட்டிலைசேஷன் ரிவ்யூவுக்குத் தேவைச் சரிபார்ப்பு. ‘பயன்பாட்டு மீளாய்வு’ என்றால் கரண்ட் பில் நினைவுதான் வருகிறது.

மறுமொழி:

முன்னொப்புதல் அருமை. எங்கள் மருத்துவமனையில் “கேஷ்லெஸ் அப்ரூவல் வந்துச்சா?” என்று கவுன்டரில் நிற்பவர்களுக்கும் புரியும். ஆனால் காப்பீட்டாளுகை? காப்பீட்டை ஆள்வதா, காப்பீடு ஆள்வதா? அப்புறம், அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே அமைப்பில் காப்பீடு, மருத்துவமனை, மருத்துவர் எல்லாம் ஒரே குடை. அங்கே யார் யாரை ஆள்வது?

மறுமொழி:

மக்களாட்சியை மக்களை ஆள்வது என்று யாரும் படிப்பதில்லையே ஐயா. கைசர் நல்ல கேள்விதான். ஆனால் அங்கேயும் முன்கூட்டியே வாங்கிய சந்தாவுக்குள்தான் சிகிச்சை அடங்க வேண்டும்; ஒரே வீடு என்றாலும் கணக்குப் புத்தகம் உண்டு. சொல் நீளம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. விளக்கக் குறிப்பில், காப்பீட்டு நிறுவன வேலை மட்டுமே மேனேஜ்டு கேர் அனுபவம் அல்ல என்று ஒரு வரி சேர்க்கலாம். மருத்துவமனைப் பக்கம் இருந்து தேவைச் சரிபார்ப்புக்குக் குறிப்பு அனுப்புவது, டிஸ்சார்ஜ் திட்டமிடுவது, முன்னொப்புதலுக்காகப் போனில் மல்லுக்கட்டுவது எல்லாம் விண்ணப்பத்தில் எழுதத் தக்கவை. அக்கா மகள் இதில் பாதியை ஆறு வருடமாகச் செய்கிறாள். பயோடேட்டாவில் ஒரு வரிகூட இல்லை. நேற்றுதான் உட்கார்ந்து சேர்த்தோம்.